மாதாந்த அமர்வுக்குப் போகும் கோரிக்கை எங்கே தங்குகிறது? இலங்கையின் வன்னி உள்ளூராட்சிச் சபைகளோடு அலுவல் பார்த்தவர்களின் பகிர்வு

மாங்குளம் சந்தி:

இந்த இழையில் கட்சி அரசியல் வேண்டாம். பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை அமர்வுகளோடு அலுவல் பார்த்தவர்கள், ஒரு விடயம் எப்படி உள்ளே போய் எப்படி வெளியே வருகிறது என்பதை மட்டும் எழுதுங்கோ. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு, ஜூன் முதல் சபைகள் திரும்பக் கூடுகின்றன. புது உறுப்பினர்களும் சங்கத் தலைவர்களும் தடுமாறுவதைப் பார்த்தால், மண்டபத்தில் கதைக்கிறதில் அவர்களுக்குக் குறையில்லை. கடதாசியில்தான் குறை.

பிரேரணையில் இருந்து தொடங்குகிறேன். உறுப்பினரின் பிரேரணை எழுத்தில், அமர்வுக்கு முன்பே செயலாளரின் கைக்குப் போக வேண்டும். எத்தனை நாளுக்கு முன் என்பது சபைக்குச் சபை வேறுபடும். நிகழ்ச்சி நிரல் அச்சாகிப் போன பிறகு கொடுத்தால் அது 'ஏனைய விடயங்கள்' என்ற கடைசித் தலைப்புக்குள் விழும். அந்த நேரம் மதியச் சாப்பாட்டு நேரம், பாதிக் கதிரை காலி. அங்கே விழுந்தது கூட்டறிக்கையில் 'உறுப்பினர் கேட்டுக்கொண்டார்' என்ற ஒரு வரியோடு முடியும். அது தீர்மானம் இல்லை. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு, தீர்மான இலக்கத்தோடு பதிவானால்தான் கிளை எழுதுநர் அதற்கு ஒரு கோவை (ஃபைல்) திறப்பார்.

வாசகமும் முக்கியம். 'எமது கிராமத்தின் வீதிகள் சீரற்று இருப்பதால் உடனடியாகத் திருத்த வேண்டும்' என்று எழுதினால் எல்லாரும் கைதூக்குவார்கள், ஒன்றும் நடக்காது. இப்படி எழுத வேண்டும்: 'இன்ன வட்டாரம், இன்ன கிராம அலுவலர் பிரிவு, பாடசாலைச் சந்தியில் இருந்து சனசமூக நிலையம் வரை 640 மீற்றர், சராசரி அகலம் 3 மீற்றர், 210ஆவது மீற்றரில் மதகு இல்லை, பயன்பெறும் குடும்பம் இத்தனை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் களத்துக்குப் போய் மதிப்பீடு தயாரித்து அடுத்த அமர்வில் முன்வைக்க வேண்டும்.' முதல் மாதத்திலேயே காசு கேட்கக் கூடாது. மதிப்பீடு இல்லாமல் காசு ஒதுக்க முடியாது. ஆகவே முதல் தீர்மானம் மதிப்பீட்டுக்கு, இரண்டாவது தீர்மானம் ஒதுக்கீட்டுக்கு.

கணக்குக்கிளை:

சந்தி அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சென்ற கூட்டறிக்கையை உறுதிப்படுத்தும் நேரத்தில் பெரும்பாலானோர் தேநீரில் இருப்பார்கள். உங்கட தீர்மானத்தில் நீளமோ கிராமமோ பிழையாகப் பதிவாகியிருந்தால் அதைத் திருத்தக் கிடைக்கிற இடம் அதுதான். உறுதியான பிறகு திருத்த இன்னொரு தீர்மானம் வேண்டும், அதாவது இன்னொரு மாதம்.

அதற்குப் பிறகு மாதாந்த வரவு செலவு அறிக்கை வரும். அதில் மூன்று நிரல்களைப் பாருங்கோ: இந்த மாதத்தின் தொகை, ஜனவரி முதல் இதுவரை சேர்ந்த தொகை, ஆண்டுக்கு மதிப்பிட்ட தொகை. ஜூன் முடிவில் ஒரு வருமானத் தலைப்பு பாதியைத் தொடவில்லை என்றால் அந்தக் காசை நம்பி எழுதின வேலை டிசம்பருக்குள் நடக்காது. வன்னிச் சபைகளில் இது அடிக்கடி நடக்கிறது. காரணம் இருக்கிறது. பிரதேச சபை சோலைவரி (வீடு, கடை போன்ற ஆதனங்களுக்கான வரி) அறவிட, அந்த இடம் அபிவிருத்தி அடைந்த பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். எங்கட பக்கம் சந்திகளையும் சந்தை சூழலையும் விட்டால் மிச்சமெல்லாம் வயலும் காடும். ஆகவே சந்தைக் குத்தகை, கடை வாடகை, வர்த்தக உரிமம், முத்திரைத்தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்பவற்றில்தான் சபை ஓடுகிறது. கடைசி இரண்டும் மாகாணத்தின் ஊடாக வந்துசேர வேண்டியவை; சபை நினைத்த மாதம் வராது.

உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வி: கடை வாடகை நிலுவை எவ்வளவு, அதில் ஒப்பந்தம் கைச்சாத்திடாமல் கடை நடத்துபவர்களின் பங்கு எவ்வளவு? ஒப்பந்தம் இல்லாத நிலுவையை வழக்குப் போட்டு அறவிடுவது கடினம். சந்தைக் குத்தகைக்கு விலைமனு கோரும்போது இந்தப் பழுது தொடங்குகிறது. அக்டோபரில் விலைமனு அறிவித்தல் போனால் டிசம்பருக்குள் தெரிவு, வைப்புப்பணம், ஒப்பந்தம் எல்லாம் முடியும். டிசம்பர் நடுவில் அறிவித்தால் ஜனவரி 1இல் பழைய குத்தகைக்காரரே தற்காலிகமாக இருப்பார், பழைய விலையில்.

சோலைவரி கட்டுபவர்களுக்கு: ஆண்டு முழுவதற்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு. காலாண்டுக்குக் கட்டினால் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் 5 வீதம். சந்தியில் ஒலிபெருக்கியில் இதைச் சொல்லாத சபைக்கு ஜனவரியில் வர வேண்டிய காசு வராது.

கிறவல்:

வீதி பற்றி நீளமாக எழுதப் போகிறேன், மாதாந்த அமர்வில் பாதி நேரம் வீதிதான்.

முதல் கேள்வி, வீதி ஆருடையது? ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. ஏ9, பரந்தன் – முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34, பூநகரி ஊடாக மன்னார் போகும் ஏ32 எல்லாம் அதில் அடங்கும். சீ, டீ வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. குளக்கட்டும் வாய்க்கால் கரையும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, சின்னக் குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச உள் வீதிகள்தான் சபைக்கு, அவையும் சபையின் வீதிப் பதிவேட்டில் இருந்தால் மட்டும். பதிவேட்டில் இல்லாத ஒழுங்கைக்குச் சபைக் காசைப் போட்டால் கணக்காய்வு ஐயவினா (விளக்கம் கேட்டுக் கணக்காய்வாளர் எழுதும் கடிதம்) வரும், செயலாளர் கையெழுத்து வைக்க மாட்டார். ஆகவே மீள்குடியேற்றத்துக்குப் பிறகு உருவான ஒழுங்கைகளுக்கு முதலில் பதிவேட்டில் சேர்க்கும் தீர்மானம் வேண்டும். அதோடு இரு பக்கக் காணிக்காரரின் சம்மதக் கடிதமும் அகலம் குறித்த வரைபடமும் வேண்டும். வேலி போட்ட பிறகு அகலம் கேட்டால் சண்டை; வேலி போட முன்னமே அளந்து கல் நாட்டுங்கோ.

இனிக் கிறவல் (சரளை மண்) வீதிக்கான கணக்கு. 1 கிலோமீற்றர், 3 மீற்றர் அகலம், இறுகின பிறகு 150 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 450 கனமீற்றர். ஒரு கியூப் என்பது 100 கன அடி, 2.83 கனமீற்றர். அப்படியென்றால் இறுகின நிலையில் 159 கியூப். ரிப்பரில் (கொட்டும் லொறியில்) வருவது தளர்ந்த கிறவல், கால்வாசி கூடுதலாக வேண்டும், ஏறக்குறைய 200 கியூப். 3 கியூப் ரிப்பர் என்றால் 67 லோட். ஊர்ச் சங்கம் ஒரு கொப்பியில் லோட் எண்ணினாலே போதும். 35 லோட்டோடு வேலை முடிந்தது என்றால் தடிப்பு பாதிதான். வயல் அறுவடைக்கு வரும் முதல் இயந்திரத்தோடு அது பிளந்துபோகும்.

தடிப்பு சரியாக இருந்தும் வீதி ஏன் ஒரு மாரியில் போகிறது? மூன்று காரணம். ஒன்று, தண்ணீர் தெளிக்காமல் உருளை ஓட்டுவது. ஆடி, ஆவணி வெயிலில் காய்ந்த கிறவலை எத்தனை தரம் உருட்டினாலும் இறுகாது, மேலே தூள் மட்டும் பறக்கும். ஒரு பிடி கிறவலைக் கையில் எடுத்துப் பொத்திப் பாருங்கோ. கையைத் திறந்தால் கட்டியாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. அதுதான் பதம். மதிப்பீட்டிலேயே தண்ணீர் பௌசருக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு, கூன் இல்லாமல் தட்டையாகப் போடுவது. 3 மீற்றர் வீதியில் நடு, ஓரத்தைவிட 7 சென்ரிமீற்றராவது உயர்ந்து நிற்க வேண்டும். மூன்று, பக்க வாய்க்கால். கூன் இருந்தும் ஓரத்துப் புல்வரம்பு உயர்ந்திருந்தால் தண்ணீர் வீதியிலேயே நிற்கும்.

மதகுக்கு வைக்கும் குழாயின் அடிமட்டத்தையும் பாருங்கோ. வாய்க்கால் அடியைவிட உயர வைத்தால் மேல்பக்க வயலில் வெள்ளம் தேங்கும். கமக்காரர் வீதியை வெட்டித்தான் தண்ணீரை விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

காலமும் கணக்கில் எடுக்க வேண்டும். மாரி மழை அக்டோபரில் தொடங்கும். செப்டெம்பருக்குள் வேலை முடிய வேண்டும் என்றால் கிறவல் அகழ்வு அனுமதி, விலைமனு எல்லாம் சேர்த்து ஏப்ரல், மே அமர்வுகளில் ஒதுக்கீடு நிறைவேற வேண்டும். ஓகஸ்ட் அமர்வில் ஒதுக்கினால் நவம்பர்ச் சேற்றில் கிறவல் கொட்டுவார்கள். ஆண்டு முடிவுக்குள் காசைச் செலவழிக்க வேண்டும் என்ற அவசரம் அது. மழைக்குள் போட்ட கிறவல் காசைத் தண்ணீரில் விட்டதுதான்.

பூவரசு:

வீதிவிளக்குக்கு ஒரு குறிப்பு. 'விளக்கு எரியவில்லை' என்று கடிதம் கொடுக்காமல் மின்கம்ப இலக்கத்தையும், விளக்கு முழுக்கச் செத்துவிட்டதா, மினுங்குகிறதா, பகலிலும் எரிகிறதா என்பதையும் எழுதுங்கோ. பகலில் எரிந்தால் ஒளியுணர் சுவிற்ச் பழுது, குமிழ் மாற்றிப் பயனில்லை. கம்பம் மின்விநியோக நிறுவனத்துடையது, விளக்கு உள்ளூராட்சிச் சபையுடையது. கம்பமே இல்லாத இடத்துக்கு விளக்குக் கேட்கும் தீர்மானம் சபையில் நிறைவேறி வீணாய்க் கிடக்கும். யானை வரும் எல்லைக் கிராமங்களை முன்னுரிமைப் பட்டியலில் மேலே போடச் சொல்லித் தனியாகக் கேளுங்கோ.

குளக்கட்டு:

கட்டாக்காலி மாடு. ஒவ்வொரு மாரிக்கும் எல்லாச் சபையிலும் இதே தீர்மானம் வரும், 'பிடித்துத் தண்டம் அறவிடுவோம்' என்று. நடைமுறையில் ஒரு கிழமையோடு நின்றுபோகும். ஏன் என்று சொல்கிறேன்.

காலபோக (மாரிகால நெல்) விதைப்போடு வயல் எல்லாம் அடைபடும். மேய்ச்சற்றரை ஒதுக்கப்படவில்லை, காட்டுக்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல். பட்டிக்காரர் மாட்டை எங்கே விடுவது? மழை இரவில் தரை முழுக்க ஈரம். தார் வீதிதான் காய்ந்தும் சூடாகவும் இருக்கும். அங்கே வந்து படுக்கும். ஏ9இல் கறுப்பு மாடு கறுப்புத் தாரில் படுத்திருந்தால் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கிட்டப் போகும் வரை தெரியாது. உயிர் போகிற விடயம் இது.

பிடிப்பதற்கு ஆளும் ட்ரக்டர் பெட்டியும் இருந்தால் முதல் இரவு 20 மாடு பிடிக்கலாம். அடுத்த நாள் காலை அந்த 20க்கும் 500 கிலோ வரை பச்சைப் புல்லும் 600 லீற்றர் தண்ணீரும் வேண்டும். அதற்குப் பாதீட்டில் தலைப்பு இல்லாவிட்டால் காவலாளி தன் கைக்காசில் வைக்கல் வாங்க மாட்டார். மாடு வாடும், கன்று தாயைத் தேடிக் கத்தும், ஊர் சபைக்கு எதிராகத் திரும்பும், தவிசாளர் அவிழ்த்துவிடச் சொல்வார். ஆகவே தீர்மானத்தில் அடைப்புக்கான காணி, கூரை, தண்ணீர்த் தொட்டி, தீவன ஒதுக்கீடு, காவல் ஆள், ஒரு நாள் பராமரிப்புக் கட்டணம், எத்தனை நாள் வைத்த பின் ஏலம் என்பவை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். தாயும் கன்றும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

உரிமை அடையாளம் இன்னொரு சிக்கல். சுட்ட குறி சில நேரம் இரண்டு குறி ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும், விற்ற மாடு என்பதால். காதுப்பட்டி இலக்கம் இருந்தால் கால்நடை வைத்தியர் பணிமனைப் பதிவில் உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். பிடித்த உடனே இரண்டு பக்கமும் படம் எடுத்து, குறி, நிறம், கொம்பு, இலக்கம் எழுதி, பொலிஸிலும் ஒரு பிரதி கொடுத்துவைத்தால் ஏலத்துக்குப் பிறகு வரும் பிணக்குக் குறையும்.

எனக்குத் தெரிந்து பலன் கொடுக்கும் வழி இது: பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதி தீர்மானிப்பார்கள். சபைத் தீர்மானத்தில் அதே திகதியை எழுதி, அதற்கு இரண்டு கிழமை முன் ஒலிபெருக்கியில் அறிவித்து, அந்தத் திகதியில் இருந்தே பிடிக்கத் தொடங்க வேண்டும். செப்டெம்பர் அமர்வுக்கு இதைக் கொண்டுபோங்கோ. நவம்பர் அமர்வில் கதைத்துப் பயனில்லை.

நெடுங்கேணி அக்கா:

கட்டட அனுமதி பற்றி ஆரும் எழுதவில்லை. அமர்வுக்கு முன் திட்டமிடல் குழு கூடும், விண்ணப்பம் அங்கேதான் தீர்மானமாகும். வன்னியில் பெரும்பகுதி அரச காணி, அனுமதிப்பத்திரத்தில் இருப்பது. 2009 இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இருந்து உறுதிப்படுத்தல் கடிதம் எடுத்த பிறகுதான் சபைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கட்டணம் கட்டின விண்ணப்பமே குறைபாட்டுக் கடிதத்தோடு திரும்பி வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பதில் அதிகம் தடக்குவது கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரம். 50 அடி விடுங்கோ, பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளந்து வரைபடத்தில் குறியுங்கோ. வீதிக்கோட்டுக்குள் (வீதிக்கென்று ஒதுக்கிய எல்லைக்குள்) மதில் வராமலும் பாருங்கோ. கட்டி முடிந்ததும், அனுமதித்த வரைபடப்படி கட்டினதாகச் சபை கொடுக்கும் அமைவுச் சான்றிதழை எடுக்காமல் விடுபவர்கள் நிறைய. பிறகு அதே வீட்டில் கடை போட்டு உரிமம் கேட்கும்போது சிக்குப்படும்.

வட்டாரம் 4:

அக்கா, குளக்கட்டு அண்ணை, நன்றி. ஒரு கேள்வி. 2024இல் எங்கட சந்தைக் கட்டடம் பற்றி ஏதோ முடிவு எடுத்ததாகச் சொல்கிறார்கள், கூட்டறிக்கையில் தேடினால் ஒன்றும் இல்லை. எங்கே பார்க்கிறது?

கணக்குக்கிளை:

தம்பி, முந்தின சபைகளின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. அன்றிலிருந்து 2025 ஜூன் வரை அமர்வே இல்லை, பிரதேச சபைகளைச் செயலாளர்கள்தான் நடத்தினார்கள். ஆகவே கூட்டறிக்கையில் தேடாமல் அந்தக் காலத்துச் செயலாளரின் அங்கீகாரக் கோவையையும் அதற்குரிய மதிப்பீட்டுக் கோவையையும் கேளுங்கோ.

வாயால் கேட்டுத் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கோ. 'சந்தை பற்றிய முழு விபரம்' என்று கேட்டால் இழுபடும். 'இன்ன சந்தைக் கட்டடம் தொடர்பாக 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை செயலாளர் அங்கீகரித்த தீர்மானங்களின் பிரதி, மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி' என்று பிரித்துக் கேளுங்கோ. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வர வேண்டாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

பிரதி கைக்கு வந்ததும் உங்கட வட்டார உறுப்பினரிடம் ஒன்று கொடுங்கோ. பழைய அங்கீகாரத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து, அதைத் தொடர்வதாகப் புதிய பிரேரணை எழுதினால் மதிப்பீட்டை முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விலைகளை மட்டும் இந்த ஆண்டுக்குத் திருத்தினால் சரி.