வெள்ளிக்கிழமை இரவு, வெள்ளிக் குடம்

குழு: பாட்டி வீட்டு வாரிசுகள் 🙏
வெள்ளி, 9 ஜனவரி 2026

பத்மா (பிறை, மலேசியா), இரவு 9.12: அமுதா அண்ணி, தினேஷுக்கு என்ன ஆச்சு? கூலிம் சரசு போன் போட்டுக் கேட்கிறாள். மேன்செஸ்டரில் ஐஸில் வழுக்கி விழுந்து இரண்டு காலும் போய்விட்டதாம், ஆபரேஷனாம். சொந்த அத்தை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லவே வெட்கமாக இருந்தது.

லோகன்: இரண்டு காலுமா 😳

முரளி: யார் சரசு

பத்மா: உன் கல்யாணத்தில் சாம்பார் வாளியைத் தட்டிவிட்டவள்.

முரளி: ஆ சரி

கீதா: ஃபேஸ்புக்கில் போட்டோ பார்த்தேன். கறுப்பாகப் பெரிய பூட்ஸ். நான் பனிக்குப் போடுவது என்று நினைத்தேன்.

பத்மா: ஒரு காலில் மட்டுமா பனி பெய்யும் கீதா?

யாழினி: அம்மா, தினேஷ் அத்தான் ஆன்லைனில்தான் இருக்கிறார். அவரையே கேளுங்கள்.

முரளி: அத்தானாம் 😏

யாழினி: மாமா, ஆரம்பிக்காதீர்கள்.

தினேஷ், 9.31: எல்லாருக்கும் வணக்கம். நான் விழவில்லை, ஆபரேஷன் இல்லை, இரண்டு காலும் இல்லை. இடது பாதத்தில், இரண்டாவது விரலுக்கு நேராக உள்ளே போகிற எலும்பில் முடி அளவு விரிசல். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள். அடிபட்டு உடைவது வேறு, இது வேறு. ஓடும்போது எலும்பில் சின்னச் சின்னச் சேதம் வரும், ஓய்வெடுக்கும்போது உடம்பு அதைப் பூசி மெழுகிவிடும். பூசுகிற வேகத்தைவிட நான் சேதப்படுத்துகிற வேகம் கூடிவிட்டது. மூட்டை சுமந்து மைல் கணக்கில் நடக்கிற பட்டாளத்துக்காரர்களுக்கு வருகிற விரிசலும் இதேதான். முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. முதல் 2, 3 வாரம் எக்ஸ்ரேயில் சிக்காமல் போவது சகஜமாம். அப்புறம் காசு கட்டி எடுத்த எம்ஆர்ஐயில்தான் பிடிபட்டது. 6 வாரம் இந்த மருத்துவ பூட்ஸ்.

லோகன்: படிக்கவில்லை. என்ன ஆச்சு அண்ணா

யாழினி: ஓடி ஓடி எலும்பு விரிந்துவிட்டது.

முரளி: இப்படிச் சொல்லியிருக்கலாமே லா.

பத்மா: கோடாலித் தைலம் இருக்கிறதா அங்கே? நன்றாக உருவிவிடு.

தினேஷ்: அத்தை, விரிசல் விட்ட இடத்தை உருவக்கூடாது.

பத்மா: உன் தாத்தாவுக்கு உருவித்தான் சரியானது.

முரளி: அப்பாவுக்கு அது சுளுக்கு அக்கா. வேலி தாண்டப் போய் வந்தது. ஏன் தாண்டினார் என்று கேட்காதே.

கீதா: ஆட்டுக்கால் சூப் வைத்துக் குடி தினேஷ். இல்லாவிட்டால் கம்பத்துக் கோழி, நாட்டுக்கோழி மாதிரி அங்கே ஏதாவது கிடைக்குமா?

யாழினி: விரதம் அத்தை. பால்குடம்.

கீதா: ஐயோ முருகா, மறந்தே போனேன் 🙏

பத்மா: அதானே! தைப்பூசம் பிப்ரவரி 1. இன்னும் 23 நாள்தான். பூட்ஸோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எப்படி ஏறுவான்? 513 படி!

முரளி: நான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்.

பத்மா: நீ பாலத்தையே ஏறி முடிக்கவில்லை.

லோகன்: 😂😂

முரளி: பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர் அக்கா. நான் ஓடியது 10 கிலோமீட்டர் பிரிவு. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன்.

கீதா: நாசி கண்டார் கடையில்.

பத்மா: முதலில் ஒன்று கேட்கிறேன். பனியில் எதற்கடா ஓடினாய்? உள்ளே மெஷினில் ஓட முடியாதா?

தினேஷ், 9.48: ஏப்ரல் மாரத்தானுக்குத் தயாராக வேண்டும் என்றால் குளிர்காலம் முழுவதும் ஓடித்தான் ஆக வேண்டும் அத்தை. வேறு வழியில்லை. 42 கிலோமீட்டருக்கு 4 மாதப் பயிற்சி வேண்டும், ஏப்ரலிலிருந்து பின்னால் எண்ணினால் டிசம்பரில் வந்து நிற்கும். இங்கே டிசம்பரில் காலை 8 மணிக்கு மேல்தான் சூரியன், மாலை 4 மணிக்கு முன்னாலேயே இருட்டு. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. கால்வாய் ஓரம் மண் பாதை இருக்கிறது, காலுக்கு நல்லது, ஆனால் விடிகாலையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். வழுக்கக்கூடாது என்று உப்புத் தூவிய ரோட்டுப் பக்கம் மாறினேன். தார், சிமென்ட், எல்லாம் கெட்டித் தரை. அதோடு வாரத்துக்கு 32 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் மூன்றே வாரத்தில் 55க்குப் போய்விட்டேன். தப்பு என்னுடையதுதான்.

முரளி: இங்கே வெயில் சும்மா கொட்டுகிறது. குடத்தில் பிடித்து அனுப்பவா?

தினேஷ்: சிரிக்காதீர்கள் சித்தப்பா, அதுவும் ஒரு காரணம். அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இந்த ஊர் வெயிலில் நின்றாலும் வைட்டமின் டி போதுமான அளவு சேராது. குளிர்காலத்தில் எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளப் பாருங்கள் என்கிறது இங்கே அரசு. நம்மைப் போலக் கறுத்த தோல் என்றால் வருடம் முழுவதும். ரத்தப் பரிசோதனையில் எனக்கு ரொம்பக் குறைவு. மாத்திரை டப்பா அலமாரியில் இருந்தது, திறக்கவில்லை.

யாழினி: நான் இளைஞர் பூங்காவில் ஓடுகிறேன், இங்கே கதை தலைகீழ். 8 மணிக்குள் முடிக்காவிட்டால் ஆளைச் சுட்டுவிடும்.

முரளி: இரண்டு பேரும் ஓடுகிறார்கள். ஜோடிப் பொருத்தம்.

யாழினி: மாமா 🙄

பத்மா: அந்தப் பேச்சு முடிந்த பேச்சு முரளி. முடித்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

கீதா: தேங்காய் விலை கேட்டீர்களா யாராவது? ரதத்துக்கு 100 தேங்காய் சொல்லி வைத்திருக்கிறோம். கடைக்காரர் முன்பணம் கேட்கிறார்.

லோகன்: போன வருடம் நான் 60 உடைத்தேன்.

முரளி: 40. மீதி 20ஐ வேறு ஆள் உடைத்தார், நீ வீடியோ எடுத்தாய்.

கீதா: தண்ணீர்ப் பந்தலுக்கு மோர் நம் பங்கா, பத்மா அண்ணி பங்கா?

தினேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

லோகன்: என்ன அண்ணா அழித்தாய்

பத்மா, 10.05: ஏன் நீக்கினாய்? நான் படித்துவிட்டேன். டாக்டர் முதலில் கேட்டதே ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறாய் என்றுதானாமே. ஒரு வேளைச் சாப்பாட்டோடு வாரம் 55 கிலோமீட்டர் ஓடினால் எலும்பை எதை வைத்துக் கட்டும்?

யாழினி: அம்மா. அவர் காரணத்தோடுதான் அழித்தார்.

பத்மா: அடுத்தவர் படிக்கட்டும் என்று நான் எழுதவில்லை. 48 நாள் ஒரு மண்டலம் போதுமே, கார்த்திகை 1லிருந்து யார் பிடிக்கச் சொன்னது?

முரளி: அக்கா, தனியாகப் பேசலாம்.

பத்மா: நான் யாரையும் சொல்லவில்லை.

தினேஷ்: அம்மா சொல்லி நான் செய்யவில்லை அத்தை. இரண்டு வேளை பழம், பால் சாப்பிடலாம் என்றுதான் அம்மா சொன்னார்கள். வேலை நேரத்தில் எனக்குத்தான் முடியவில்லை. ஓடுகிறேன் என்பதை நான் அம்மாவிடம் சரியாகச் சொல்லவும் இல்லை. வாரம் இரண்டு முறை பூங்காவைச் சுற்றுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

லோகன்: 😬

கீதா: மோர் யார் பங்கு என்று சொன்னால் நான் தயிருக்குச் சொல்லிவிடுவேன்.

அமுதா, 10.26: இப்போதுதான் போனைப் பார்த்தேன். பூசை அறையில் இருந்தேன்.

அமுதா: வலிக்கிறதா?

தினேஷ்: நடந்தால் வலி இல்லைம்மா. அழுத்தினால் ஒரே புள்ளியில் மட்டும்.

அமுதா: கார்த்திகையிலிருந்து பிடி என்று சொன்னது நான்தான் பத்மா. உன் அண்ணன் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார். நாளையிலிருந்து அவன் மூன்று வேளையும் சாப்பிடட்டும். முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பத்மா: அண்ணி, நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை.

அமுதா: பரவாயில்லை. தினேஷ், கேழ்வரகு மாவு அனுப்பினேனே, பிரித்தாயா?

தினேஷ்: மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதும்மா.

முரளி: அந்த அலமாரிக்கு எலும்பு கெட்டியாக இருக்கும்.

யாழினி: அப்புறம் எப்போது ஓடலாம் என்றார்கள்?

தினேஷ்: ஏப்ரல் போச்சு. பூட்ஸ் கழற்றுகிற வரை சைக்கிள், நீச்சல். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஆழமான நீச்சல் குளத்தில் ஓடுவது ஒன்று இருக்கிறது, கால் தரையில் படாது. மூச்சு, இதயம் எல்லாம் பழக்கத்தில் இருக்கும். பக்கத்தில் நீந்துகிற பாட்டிகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போகிறார்கள். அதற்குப் பிறகு வலியில்லாமல் அரை மணி நடக்க வேண்டும். அப்புறம் 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி வந்தால் ஒரு படி பின்னால் போக வேண்டும்.

முரளி: 1 நிமிடம் ஓடுவதற்கு டாக்டரா? நான் இலவசமாகச் சொல்லியிருப்பேன்.

பத்மா: சரி, பால்குடம் என்ன ஆகும்?

தினேஷ்: டிக்கெட் எடுத்துவிட்டேன், 26ஆம் தேதி வருகிறேன். படி மட்டும் ஏறக்கூடாது. அடிவாரம் வரை நடக்கிறேன், மேலே வேறு யாராவது எடுத்துக்கொண்டு போகலாமா?

லோகன்: நான் எடுக்கிறேன்

கீதா: நேற்று நீ பர்கர் சாப்பிட்டாய்.

லோகன்: மீன் பர்கர்மா

அமுதா: வேண்டிக்கொண்டது நான். நானே ஏறுகிறேன்.

முரளி: அண்ணி, உங்கள் முட்டிக்கு 513 படியா?

யாழினி: நான் எடுக்கலாமா அத்தை? விரதம் மார்கழியிலிருந்து இருக்கிறேன்.

பத்மா: நீயா? எனக்கே சொல்லவில்லையே? எதற்கு?

முரளி: 👀

யாழினி: பரீட்சைக்கு அம்மா. மாமா, அந்தக் கண்ணை எடுங்கள்.

அமுதா: யாழினி எடுத்தால் எனக்குச் சம்மதம். ஆனால் குருக்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

பத்மா: பாட்டி குரல் பதிவு போடச் சொல்கிறார். போட்டால் யாரும் கேட்பதில்லை, நானே எழுதுகிறேன். "யார் எடுத்தாலும் சரி, என் வெள்ளிக் குடத்தில்தான் எடுக்க வேண்டும். அதை முதலில் வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்."

லோகன்: எந்தக் குடம்

பத்மா: 2019இல் ஒரு வாரத்துக்கு என்று உங்கள் வீட்டுக்குப் போன குடம்.

முரளி: கீதா?

கீதா: இருக்கிறது. கொஞ்சம் கறுத்துப் போயிருக்கிறது, விளக்க வேண்டும்.

பத்மா: விளக்க நான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபெரியில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

கீதா: ஞாயிறு நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம் அண்ணி.

லோகன்: எங்கே போகிறோம்

தினேஷ்: சித்தி, எவர்சில்வர் குடம் என்றாலும் எனக்குச் சம்மதம்.

பத்மா: உன்னைக் கேட்கவில்லை, நீ போய்ச் சாப்பிடு.

கீதா, 10.58: நாளைக்குப் பேசலாம். போனில் சார்ஜ் இல்லை.

பத்மா: முரளி போனில் இருக்குமே.