24 வயதில் மூளைக் கட்டி, கடந்து வந்தவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி:
ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வேலை. போன மாதம் காபிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வலது கை தானாக வெட்டி இழுத்தது, வாய் குழறியது, அப்புறம் எதுவும் நினைவில்லை. முதலில் காட்டிய இடத்தில் வெறும் டென்ஷன் என்று அனுப்பிவிட்டார்கள், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சேலத்தில் எம்ஆர்ஐ எடுத்தபோது இடது மூளையில் கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். அம்மா கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு அழுகிறார், அவர் முன்னால் என் பயத்தைக் காட்ட முடியவில்லை.

பதில் 1:
தம்பி, எனக்கு 27 வயதில் நடந்தது. பயாப்ஸி (கட்டித் துணுக்குச் சோதனை) ரிப்போர்ட்டில் கிரேடு, அதாவது கட்டியின் தீவிர நிலை மட்டும் பார்க்காதீர்கள், கட்டியில் ஐடிஎச் என்ற மரபணு மாறியிருக்கிறதா என்று சோதனை செய்தார்களா என்று கேளுங்கள், அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய அதுவும் முக்கியம். எனக்குக் கதிர்வீச்சு 30 தடவை, வாரம் 5 நாள். தலை அசையாமல் இருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி முகமூடி செய்வார்கள், கழற்றியதும் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம் இருக்கும், அதோடுதான் பஸ் ஏறுவேன். வலிக்காது. வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவில் பைக் வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. இன்னொன்று, கூச்சப்படாமல் கேளுங்கள்: கீமோ மருந்து கொடுப்பதாக இருந்தால், அது பின்னாளில் குழந்தை பெறுவதைப் பாதிக்கலாம், அதனால் அதற்கு முன்பே விந்தணு சேமிக்க வேண்டும்.

கேட்டவர்:
அதை யாருமே சொல்லவில்லை அக்கா. நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.