ஃபோர்க்கில் டேம்பரை மட்டும் மாற்றலாமா?

கேள்வி:
என் மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், அதன் அசைவைத் தணிக்கும் பாகமாக இருப்பது திறந்த எண்ணெய் டேம்பர். கல் நிறைந்த நீண்ட இறக்கங்களில் முதல் சில நிமிடங்கள் நன்றாக இயங்கி, பிறகு கைப்பிடி அதிர்ந்து விரல்கள் மரத்துப்போகின்றன. புது ஃபோர்க் வாங்க வசதியில்லை; டேம்பரை மட்டும் மாற்றினால் போதுமா?

முதல் பதில்:
பெரும்பாலும் போதும். திறந்த டேம்பரில் எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருப்பதால், இடைவிடாத அடிகளில் எண்ணெய் நுரைத்து, தணிப்பு சீராக இராது. மூடிய டேம்பரான கார்ட்ரிஜில் விரிந்து சுருங்கும் ரப்பர் பை காற்றை விலக்கி வைக்கிறது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் பழைய யாரி, லிரிக் ஃபோர்க்குகள் இரண்டும் 35 மில்லிமீட்டர் குழாய்கள் கொண்ட ஒரே கூடுதான். யாரியில் மோஷன் கன்ட்ரோல் என்ற திறந்த டேம்பர், லிரிக்கில் சார்ஜர் என்ற மூடிய கார்ட்ரிஜ் என்பதே முக்கிய வேறுபாடு. அதனால்தான் யாரியில் சார்ஜர் 2.1 பொருத்த முடிகிறது. வாங்குமுன் ஃபோர்க்கின் ஆண்டையும் மாடலையும் சரிபாருங்கள்.

இரண்டாம் பதில்:
பணம் செலவழிக்குமுன் ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களான கீழ்க்கால்களைக் கழற்றிப் பாருங்கள். ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அங்கே உள்ள, உராய்வைக் குறைக்கும் எண்ணெயை மாற்ற வேண்டும். பலர் இரண்டு ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டு டேம்பரைக் குறை சொல்கிறார்கள். கழற்றும்போது மேல்மூடிக்கு விளிம்பு சரிவாக இல்லாத சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். சாதாரண சாக்கெட் வழுக்கி மெல்லிய அலுமினிய முனைகளைத் தின்றுவிடும். என் மூடி அப்படித்தான் போயிற்று.

கேட்டவர்:
இன்று கழற்றினேன். எண்ணெயை உறிஞ்சி வைக்கும் பஞ்சு போன்ற நுரைவளையங்கள் காய்ந்து, ஒரு காலிலிருந்து அரைத் தேக்கரண்டி கறுத்த எண்ணெய்தான் வந்தது. முதலில் சர்வீஸ், பிறகே கார்ட்ரிஜ்.