ஒரே எந்திரம், ஒரே வேலை, இரண்டு சம்பளம்: சட்டப்படி என்ன செய்யலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோவை மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில், நூலைக் கோன்களில் சுற்றும் எந்திரமான ஆட்டோகோனர் பிரிவில் வேலை செய்கிறேன். காப்ஸ் (நூற்ற நூல் சுற்றிய சிறு குழல்கள்) நிரப்புவது, சிவப்பு விளக்கு எரியும் டிரம்மில் (கோனைச் சுழற்றும் உருளையில்) நூலைச் சரிசெய்து மீண்டும் ஓட விடுவது, நிறைந்த கோனைக் கழற்றி வைப்பது என எல்லாவற்றையும், அதே எந்திரத்தின் மறுபாதியைப் பார்த்துக்கொள்ளும் ஆண் தொழிலாளியும் நானும் ஒன்றுபோலவே செய்கிறோம். ஆனால் சம்பளச் சீட்டில் அவர் ‘ஆபரேட்டர்’, நான் ‘ஹெல்பர்’. நாளொன்றுக்கு எனக்கு 90 ரூபாய் குறைவு. இருவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள். காரணம் கேட்டபோது, ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள், இரவு ஷிப்டுக்கும் வருகிறார்கள் என்றார் மேலாளர். மூட்டை தூக்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வராத நாளில் மட்டுமே இந்த ஆண் தொழிலாளி கைகொடுப்பார். நான் புகார் கொடுத்தால் அவருடைய சம்பளத்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது.

பதில் 1

சகோதரி, முதலில் உங்கள் தயக்கத்தை விட்டுவிடுங்கள். பெண்ணின் ஊதியத்தைச் சமமாக்குவதற்காக வேறு எந்தத் தொழிலாளியின் ஊதியத்தையும் குறைக்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், தன் 3ஆம் பிரிவில் அதையே சொல்கிறது.

பதவியின் பெயரை வைத்துச் சம்பளத்தைக் குறைப்பது பழைய உத்தி. மக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் ஆட்ரி டிகோஸ்டா என்ற சுருக்கெழுத்தாளர், அதே பணியைச் செய்த ஆண்களைவிடக் குறைவான சம்பளம் பெற்றார். வேலையை இழந்த பிறகு தமக்குச் சேர வேண்டிய வித்தியாசத் தொகையைக் கேட்டு மனுச் செய்தார். அவரைப் போன்ற பெண்கள் உயரதிகாரிகளின் அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்கள், எனவே தனி வகையினர் என்றது நிறுவனம். தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படிதான் கொடுத்தோம் என்றும், நிதிநிலை இடங்கொடாது என்றும் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 1987இல் இந்த வாதங்கள் எதையும் ஏற்கவில்லை. வேலையை ஒப்பிடும்போது சிறு வேறுபாடுகளைப் பெரிதாக்கக் கூடாது, ஏட்டளவில் செய்யக்கூடிய வேலையை அல்ல, நடைமுறையில் செய்யும் வேலையையே பார்க்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறுகிறது. என்றைக்கோ ஒரு நாள் தூக்கும் மூட்டை உங்கள் இருவரின் வேலையையும் வேறாக்கிவிடாது என்பதே என் உறுதியான கருத்து.

பதில் 2

ஆலை ஒன்றின் பணியாளர் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். பழைய சட்டம் திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிடச் சொன்னது. புதிய தொகுப்பு அவற்றோடு அனுபவத்தையும் சேர்த்திருக்கிறது. நிர்வாகம் அந்த வழியாகத்தான் வரும். ஆகவே இருவரும் சேர்ந்த தேதிகளையும், நீங்கள் முன்பு வேறு ஆலையில் வேலை செய்திருந்தால் அதற்கான சான்றையும் கையில் வைத்திருங்கள். மகப்பேற்றுக்குப் பின் திரும்பி வரும் பெண்களைப் புதிதாகச் சேர்ந்தவர்களாகக் காட்டி அனுபவத்தைக் கழித்துவிடும் கொடுமையை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

இரவு ஷிப்டைப் பொறுத்தவரை, அதற்கென்று தனிப்படி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பகல் ஷிப்டில் வரும்போதும் அவருக்கு அதே கூடுதல் தொகை கிடைக்கிறதென்றால், அது இரவுக்காகத் தரப்படுவது அல்ல. பெண்களை இரவில் ஆலை வேலைக்கு விடக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே நீக்கி, பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்துவிட்டது. உங்களுக்கு இரவு ஷிப்டு கொடுக்காமலே வைத்திருந்துவிட்டு, நீங்கள் வருவதில்லை என்று நிர்வாகம் குறை சொல்வது முறையல்ல.

கேட்டவர்

பகல் ஷிப்டிலும் அவருக்கு அதே தொகைதான். என்னைப் போலவே ‘ஹெல்பர்’ என்று எழுதப்பட்ட பெண்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுக்கலாமா?

பதில் 3

தாராளமாகக் கொடுக்கலாம், தோழர். ஒரே நிறுவனத்தில் ஒரே வகையான குறை உள்ள தொழிலாளர்கள் ஒரே மனுவில் கோரலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற சங்கமும் உங்களுக்காக மனுச் செய்யலாம். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அரசு நியமித்துள்ள அதிகாரியிடம் மனு போக வேண்டும். பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஊதியம் குறைவாகக் கொடுக்கப்பட்டது என்ற கோரிக்கையில், உரியதைக் கொடுத்துவிட்டதாக மெய்ப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது.

சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். அதைத் தரவேண்டியது முதலாளியின் கடமை. எந்த ஷிப்டில், எந்த எந்திரத்தில், எத்தனை டிரம் பார்த்தீர்கள் என்பதை அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், ஏனென்றால் பதவிப் பெயருக்கு எதிராக நிற்கப்போகும் சான்று அதுதான். முதலில் நிர்வாகத்திடம் எல்லோரும் கையொப்பமிட்ட கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பிவிட்டு, தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.