புதுப்பிப்பு: சாரணர் குழுவுக்கு ஆள் கிடைத்தார்களா?

ஜூனில் புலம்பியிருந்தேன்: எங்கள் பகுதி சாரணர் குழுவில் 9 பையன்கள், பெரியவர்கள் என்று நானும் இன்னொருவரும் மட்டும், ஆள் சேர்ப்பது எப்படி என்று. நோட்டீஸ் கொடுக்கச் சொன்னீர்கள். பள்ளி வாசலில் 200 கொடுத்தோம். வந்தது ஒரே போன், அதுவும் கராத்தே வகுப்பா என்று கேட்டு!

பலித்தது வேறு. ஒரு ஞாயிறு காலை பூங்காவில் மூங்கிலும் கயிறும் போட்டு, பையன்களையே கொடிக்கம்பம் கட்ட விட்டோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தாத்தாவோடு வந்த பொடியன் ஒருவன் ரீஃப் முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டு, வீட்டுக்கு வரமாட்டேன் என்று ஒரே அழுகை. இப்போது 21 பேர். பத்து வயதுக்குட்பட்டவர்களே ஏழு பேர் என்பதால் அந்தச் சின்னவர்களுக்கான குருளையர் பிரிவும் தொடங்கியாயிற்று.

பெரியவர்களிடம் 'தொண்டு செய்ய வாருங்கள்' என்றால் நழுவுகிறார்கள். 'மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், காயத்துக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுங்கள், போதும்' என்றதும் ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவர் சரி என்றார். அந்தத் தாத்தாவும் வருகிறார். கயிறு சுருட்டுவதில் என்னை மிஞ்சிவிட்டார்.

தீராத சிக்கல் ஒன்று. நான்கு சிறுமிகள் காத்திருக்கிறார்கள். சாரணியர் படையை நடத்தப் பெண் தலைவர் வேண்டும், அவர் அடிப்படைப் பயிற்சி முகாமில் தங்கிப் படித்து வரவேண்டும். அக்காவைத்தான் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.