ஸ்லைடு ரூலில் வர்க்கமூலம் எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

மெக்கானிக்கல்74:
கால்குலேட்டர் வருவதற்கு முன் நடுச்சட்டத்தை நகர்த்திக் கணக்குப் போட்ட ஸ்லைடு ரூல் என்றாலே பெருக்கல் வகுத்தலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுக்கும் மூலமும் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் ருசியும் தெரியும், குசும்பும் தெரியும். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய ஓவர்சீயர்:
மாட்டிக்கொண்டவன் நான்தான். 1973. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. டெல்டா பக்கம் ஒரு கிளை வாய்க்காலுக்குக் கணக்குப் போடச் சொன்னார்கள். மேனிங் சூத்திரம் தெரியும் அல்லவா? நீரியல் ஆரத்துக்கு (தண்ணீரின் குறுக்குவெட்டுப் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தது) மூன்றில் இரண்டு அடுக்கு, வாட்டத்துக்கு, அதாவது சரிவுக்கு, வர்க்கமூலம், இரண்டையும் பெருக்கி, மண்ணின் சொரசொரப்புக்கான எண்ணால் வகுத்தால் தண்ணீரின் வேகம் வரும்.

மூன்றில் இரண்டு அடுக்கு என்றதும் கிளார்க் டேபிள் என்ற லாக் அட்டவணைப் புத்தகத்தைத் தேட வேண்டாம். ஸ்லைடு ரூலில் ஒன்றின்கீழ் ஒன்றாக அளவுக்கோடுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துப் பெயர். 1 முதல் 10 வரை டி அளவில் ஒரே தடவை போகும், ஏ அளவில் இரண்டு தடவை, கே அளவில் மூன்று தடவை. அதனால் டி-யில் இருக்கும் எண்ணின் வர்க்கம் ஏ-யிலும், கனம் கே-யிலும் நேர்க்கோட்டில் நிற்கும். என் வாய்க்காலுக்கு ஆரம் 1.2 மீட்டர். கர்சர் என்ற நகரும் கண்ணாடியில் இருக்கும் முடி போன்ற கோட்டை கே-யில் 1.2 மேல் வைத்தேன். அதே முடியின் கீழே ஏ-யில் 1.13. நடுச்சட்டத்தைத் தொடவே இல்லை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அப்புறம்தான் சறுக்கல். வாட்டம் 4000-க்கு 1, அதாவது 0.00025. ஏ அளவில் 2.5 இரண்டு இடத்தில் இருக்கிறது. இடது பாதியில் வைத்தால் டி-யில் 1.58, வலது பாதியில் வைத்தால் 5. எதில் வைப்பது என்று சட்டம் சொல்லாது. தசமப் புள்ளி எங்கே என்பதும் அதற்குத் தெரியாது. நான் வலதில் வைத்து 0.05 என்று எடுத்துக்கொண்டேன். சொரசொரப்பு எண் 0.025. வேகம் நொடிக்கு 2.26 மீட்டர் என்று அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டு, ஏ.இ. (உதவிப் பொறியாளர்) மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் ஸ்லைடு ரூலை எடுக்கவே இல்லை. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன்யா, மண் வாய்க்கால்தானே? இந்த வேகத்தில தண்ணி ஓடினா கரை எங்கய்யா இருக்கும்?" என்றார். சரியான விடை 0.71 மீட்டர். மூன்று மடங்குக்கு மேல் கூட்டி எழுதியிருந்தேன்.

அன்று அவர் சொல்லிக்கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. புள்ளியிலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகக் கட்டு. 00, 02, 50. பூஜ்யமில்லாத முதல் ஜோடி 02. ஒற்றை இலக்கம்தான், ஆகவே இடது பாதி. அந்த ஜோடி 10-ஐத் தொட்டால் வலது பாதி. அவ்வளவுதான். கல்லூரியிலும் இதைத்தான் நடத்தியிருப்பார்கள், நான் என்ன செய்துகொண்டிருந்தேனோ.

பாலிடெக்னிக் பையன் (இப்போது வயது 69):
ஓவர்சீயர் ஐயா, உங்களிடம் கே அளவாவது இருந்தது! நான் மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கிய மரச் சட்டத்தில் ஏ, பி, சி, டி மட்டும்தான். பி-யும் சி-யும் நடுச்சட்டத்தில் இருக்கும், பி ஏ மாதிரி, சி டி மாதிரி. மழைக்காலத்தில் நடுச்சட்டம் இறுகிக்கொள்ளும், குட்டிக்குரா பவுடர் தடவி இழுப்பேன். பரீட்சை ஹாலில் மணந்தது என் சட்டம் ஒன்றுதான்.

கனமூலத்துக்கு ஒரு சீனியர் அண்ணன் காட்டிய வழி இது. ஏ-யில் எண்ணின் மேல் கர்சரை வை. நடுச்சட்டத்தை மெல்ல நகர்த்து. கர்சரின் கீழே பி-யில் தெரிகிற எண்ணும், சி-யின் 1-க்கு நேராக டி-யில் தெரிகிற எண்ணும் எப்போது ஒன்றாகிறதோ, அதுதான் கனமூலம். 8-க்குச் செய்து பாருங்கள், இரண்டு இடத்திலும் 2 வந்து நிற்கும். ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. மாறுகண் வராத குறைதான்.

கணக்கு டீச்சர்:
வர்க்கம், கனம் சரி. 1.12-க்கு ஐந்தாம் அடுக்கு மாதிரி வந்தால் என்ன செய்வீர்கள்? எங்கள் காலத்தில் லாக் டேபிள் மட்டும்தான், அதனால் கேட்கிறேன்.

மெக்கானிக்கல்74:
டீச்சர், சரியாக என் கதைக்கே வந்துவிட்டீர்கள். அதற்குத்தான் எல்.எல். அளவுகள். மடக்கையின் (லாக்) மடக்கையைக் கோடாகப் போட்டது. 1815-இலேயே இதைச் செய்தவர் பீட்டர் மார்க் ரோஜே. ஆங்கிலத்தில் ஒருபொருட்சொற்களைத் தொகுத்துப் பெயர் வாங்கிய அதே மருத்துவர்தான்.

எல்.எல்.2-இல் 1.12-க்கு நேராக சி-யின் 1-ஐ வைக்க வேண்டும். கர்சரை சி-யின் 5-க்குத் தள்ளினால் எல்.எல்.2-இல் விடை, 1.76. பத்தாம் அடுக்கு வேண்டுமானால் இன்னும் சுலபம். எல்.எல்.2-இல் 1.12 மேல் முடியை வைத்து, அசைக்காமல் அடுத்த அளவான எல்.எல்.3-ஐப் பார்த்தால் 3.1 என்று இருக்கும்.

எங்கள் மாமா ஒருவர் வட்டிக்கணக்கில் புலி. பத்தாயிரம் ரூபாய், 12 சதவீதக் கூட்டுவட்டி, ஐந்து வருஷம் என்று அவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். அவர் இரண்டாவது வருஷத்தை முடிப்பதற்குள் "17,600, மாமா" என்றேன். கல்லூரியில் சேர்ந்த புதுசு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமா நிமிரவே இல்லை. ஐந்து வருஷத்தையும் பெருக்கி முடித்து, 17,623 ரூபாய் 42 பைசா என்று எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார்.

"இருபத்து மூணு ரூபாயை உங்க அப்பன் தருவானாடா?"