1967 மஸ்டாங்: திருப்பங்களில் பின்பக்கம் நிலைகொள்ள லீஃப் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டுமா?

பெசன்ட்நகர்_வி8 (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1967ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப்; 289 கன அங்குல வி8 எஞ்சின், நான்கு கியர் மேனுவல். எஞ்சின், பிரேக் வேலைகள் முடிந்துவிட்டன. நேர்ச்சாலையில் வண்டியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி வரும் வளைவுகளில், திரும்பிக்கொண்டிருக்கும்போது சிறிய மேடு ஒன்று குறுக்கிட்டாலே பின்பக்கம் முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்து உட்காருவதை இருக்கையில் உணர முடிகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், பின்சக்கரங்கள் தடதடவென்று குதிக்கின்றன.

நகரில் ஒரு பட்டறையில், லீஃப் ஸ்பிரிங்கை (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்) முழுவதுமாகக் கழற்றிவிட்டு நான்கு ஆர்ம்களும் (ஆக்சிலைப் பிடிக்கும் கம்பிகள்) காயில்ஓவரும் (ஷாக் அப்சார்பரைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்) கொண்ட கிட்டை இறக்குமதி செய்து பொருத்தச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவரோ, செய்வதென்றால் இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியே அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனாகவே செய்துவிடு என்கிறார். சுங்கவரியையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுமே பெரிய தொகை. உண்மையில் குறை லீஃப் ஸ்பிரிங்கில்தான் இருக்கிறதா, அல்லது அதை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்ய இயலுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அம்பத்தூர்_பட்டறை

நண்பருக்கு வணக்கம். லீஃப் ஸ்பிரிங்கின் மீது பழி போடுவதற்கு முன், அதன் தலையில் எத்தனை வேலைகளைக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். காயில் ஸ்பிரிங் பொருத்திய வண்டியில் ஸ்பிரிங் எடையைத் தாங்கினால் போதும். ஆக்சிலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பிடித்து நிறுத்தத் தனி ஆர்ம்கள் உண்டு. உங்கள் வண்டியில் எடையைத் தாங்குவது, ஆக்சிலை இடத்தில் நிறுத்துவது, எஞ்சினின் முறுக்குவிசையை பாடிக்குக் கடத்துவது ஆகிய எல்லாவற்றையும் அந்த இரண்டு பட்டைக் கட்டுகளே செய்கின்றன. ஆகவே அவற்றின் கண்களில், அதாவது முனை வளையங்களில், உள்ள ரப்பர் புஷ் தளர்ந்துபோனால், ஆக்சிலுக்குப் பக்கவாட்டில் வேறு பிடிமானமே கிடையாது. நீங்கள் சொல்லும் முதல் குறை, அதாவது பின்பக்கம் நகர்ந்து உட்காருவது, பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி, பின்புற ஷாக்கிளுக்கும் (ஸ்பிரிங்கின் பின்முனையை பாடியோடு இணைக்கும் தகடுகள்) ஸ்பிரிங் கண்ணுக்கும் இடையில் டயர் லீவரைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஷாக்கிள் தகட்டின் உட்புறத்தில் பெயின்ட் போய், பிறை வடிவில் பளபளப்பான தடம் தெரிந்தால், ஸ்பிரிங் பக்கவாட்டில் ஆடி உரசுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது குறையின் காரணம் வேறு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் மூக்கு, அதாவது முன்பகுதி, மேலே எழப் பார்க்கிறது. அதனால் ஸ்பிரிங் ஆங்கில எஸ் எழுத்தைப் போல முறுக்கிக்கொள்கிறது. டயர் பிடியை விட்டவுடன் அந்த முறுக்கு விடுபட்டு, மறுபடியும் பிடித்து, மறுபடியும் முறுக்குகிறது. அந்தத் தடதடப்பு இதுதான். வயதான நான்கு பட்டை ஸ்பிரிங்கிலும், எண்ணெய் வற்றிய ஷாக்கிலும் (ஷாக் அப்சார்பர்) இது அதிகமாகும். புதிய ஐந்து பட்டைக் கட்டு, தரமான கேஸ் ஷாக், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பூட்டும் புதிய யூ போல்ட் ஆகிய மூன்றையும் போட்டாலே பெரும்பகுதி அடங்கிவிடும். பழைய பட்டைகளை லாரிப் பட்டறையில் தட்டி வளைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். முறையான வெப்பப் பதனம் இல்லாமல் அடித்து வளைத்த பட்டை மீண்டும் படுத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

லீஃப் ஸ்பிரிங் வண்டி வளையாது என்பவர்களிடம் 1965ஆம் ஆண்டின் ஷெல்பி ஜிடி 350ஐப் பற்றிக் கேளுங்கள். அது உங்கள் வண்டியின் உடன்பிறப்புதான். பின்பக்கம் அதே லீஃப் ஸ்பிரிங். கூடுதலாக, முறுக்கைத் தடுக்க ஆக்சிலின் மேல் டிராக்ஷன் பார்களையும், கோனி ஷாக்குகளையும் சேர்த்தார்கள். முன்பக்க மேல் ஆர்மின் பிணைப்பை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற கார் பந்தய அமைப்பின் பி புரொடக்ஷன் பிரிவில் 1965 முதல் 1967 வரை தொடர்ந்து பட்டம் வென்றது அந்த வண்டிதான்.

சோழவரம்_நினைவுகள்

மேலே சொன்னவரின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் நான்கு ஆர்ம் கிட்டை முற்றிலும் ஒதுக்கிவிடுவது நியாயமன்று. இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதையில் அடிக்கடி ஓட்டுபவருக்கு, ஸ்பிரிங்கின் விறைப்பையும் ஆக்சிலின் இருப்பையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளும் வசதி பெரிய வரம். ஃபோர்டு நிறுவனமே 2005ஆம் ஆண்டு மஸ்டாங்கில் மூன்று ஆர்ம்களும், பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் ஒரு பன்ஹார்ட் கம்பியும் கொண்ட ஒற்றை ஆக்சிலைத்தான் பொருத்தியது. இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் 1999ஆம் ஆண்டு கோப்ரா மாடலில் வந்தாலும், மஸ்டாங் வரிசை முழுவதற்கும் அது வந்தது 2015இல்தான். ஆகவே நண்பரின் யோசனையை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

கிட் பொருத்துவதில் எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். உங்கள் வண்டிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பின்பக்கப் பாரம் முழுவதும் தகட்டால் ஆன ரெயில்களில் நிற்கிறது. கடற்கரையோரம் நிற்கும் வண்டியில் அந்தத் தகடு உள்ளிருந்து துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் பிராக்கெட்டை வெல்டிங் செய்து முழு விசையையும் ஏற்றுவது, உளுத்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவதற்குச் சமம்.

மற்றொன்று: பின்பக்கம் தடிமனான ஆன்ட்டி ரோல் பார் போட்டுவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். பாடி சாய்வதைக் குறைக்க முதலில் முன்பக்க பாரைத் தடிமனாக்குங்கள். பின்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால், வளைவில் உட்பக்கச் சக்கரம் பாரமிழந்து சுழலும். மழை பெய்த சாலையில் பின்பக்கம் சட்டென்று வெளியே ஓடிவிடும்.

மயிலாப்பூர்_பழைய_வண்டி

எல்லோரும் ஸ்பிரிங்கைப் பற்றியே பேசுகிறார்கள். டயரின் வயதை யாரும் கேட்கவில்லை. டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3514 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். குறைவாக ஓடும் வண்டிகளில் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிவிடும். அத்தகைய டயரோடு எந்தக் கிட்டைப் போட்டாலும் பணம் தண்டம். உங்கள் 14 அங்குல வீலுக்கு நல்ல பிடிமானமுள்ள டயர்கள் இங்கு அரிது. 15 அங்குலத்துக்கு மாறினால் தெரிவு சற்றுக் கூடும்.

பதிவுச் சான்றிதழையும் கவனியுங்கள். 2021ஆம் ஆண்டு வந்த வின்டேஜ் வாகன விதிகளின்படி ‘விஏ’ வரிசையில் பதிவு பெற வேண்டுமானால், வண்டிக்கு 50 வயது கடந்திருப்பதோடு, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. போல்ட்டால் பூட்டிக் கழற்றக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பேன்.

பெசன்ட்நகர்_வி8

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று குழியின் மேல் நிறுத்திப் பார்த்தேன். வலப்புற ஷாக்கிளில் அந்தப் பிறைத் தடம் அப்படியே இருக்கிறது. டயர்களும் 2013ஆம் ஆண்டுச் சரக்கு. ஐந்து பட்டைக் கட்டு, ஷாக், புஷ், டயர் என்று வரிசையாகத் தொடங்குகிறேன். கடைசியாக ஓர் ஐயம்: புஷ்ஷை ரப்பரிலேயே போடுவதா, பாலியூரித்தேனில் போடுவதா?

அம்பத்தூர்_பட்டறை

முன் கண்ணுக்கு ரப்பரே போடுங்கள். வண்டி சாயும்போது ஸ்பிரிங் சற்றுத் திருகிக்கொள்ள வேண்டும். பாலியூரித்தேன் அதற்கு இடம் கொடுக்காமல் இறுகிப் பிடிக்கும், கீச்சென்று சத்தமும் வரும். பின்புற ஷாக்கிளில் வேண்டுமானால் பாலியூரித்தேன் போடலாம், உரிய கிரீஸ் தடவி.

பொருத்துபவரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கண் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட வேண்டும். சக்கரங்களைத் தரையில் இறக்கி, முழு எடையும் ஸ்பிரிங்கில் அமர்ந்த பிறகே டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும். யூ போல்ட் நட்டுகளைச் சிறிது தூரம் ஓட்டிய பின் மறுபடியும் இறுக்கச் சொல்லுங்கள்; புதிய பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது அவை தளரும்.

ஆன்ட்டி ரோல் பாரைப் பற்றி, இவையெல்லாம் முடிந்து கோவளம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.